ஓரான் இனி வரமாட்டானாம்

வாவிக்கரை · செவ்வாய், இரவு 9.40

மட்டக்களப்பு கல்லடியில் இருந்து எழுதுகிறேன். இதை எந்தப் பகுதியில் போடுவது என்று தெரியவில்லை, பிள்ளை வளர்ப்பில் போடுகிறேன். பிழை என்றால் மாற்றி விடுங்கள்.

என் மகளுக்கு ஒன்பது வயது. நாலு வயதில் இருந்து அவளுக்கு ஒரு கூட்டாளி இருந்தான். பெயர் ஓரான். ஓரா மீனில் இருந்து வந்த பெயராக இருக்கும், அந்த நாளில் அவளுக்கு ஓரா மீன் சொதி என்றால் உயிர். ஓரான் பாதி மீன், பாதி பொடியன். வீடு பழைய பாலத்துக்குக் கீழே, கல்லடிப் பக்கத்தில் இருந்து எண்ணினால் மூன்றாவது தூணில். பகலில் எங்கள் வீட்டில் நிற்பான், பொழுது பட்டால் போய்விடுவான். பௌர்ணமி இரவில் வாவிக்குள் கேட்கிற சத்தத்தை ஊரே மீன் பாட்டு என்கிறது. மகளின் கணக்குப்படி அது ஓரானுடைய அப்பா குறட்டை விடுகிற சத்தம்.

அவனை நல்ல பிள்ளை என்றும் சொல்ல மாட்டேன். கூப்பிட்டால் வரமாட்டான். இவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பாள். ஏன் என்று கேட்டால், "ஓரான் இண்டைக்குக் கோபம், கதைக்கிறான் இல்ல" என்பாள். இல்லாத ஒருவனோடு எப்படிப் புள்ள சண்டை பிடிக்கிறாய் என்று அவளுடைய அப்பா சிரிப்பார். மோட்டார் சைக்கிளில் பாலம் ஏறும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் இருந்து முதுகில் குத்து விழும். நாங்கள் புதுப் பாலத்தில் போகிறோம், அவன் பழைய பாலத்தில் இருந்து பாய்ந்து ஏற வேண்டுமே.

மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போனபோது அவனுக்கென்று ஒரு நீலப் பிளாஸ்டிக் கோப்பை வாங்கினோம். அப்புறம் பின்னேரத்தில் எப்போதும் மூன்று கோப்பைதான். எனக்குப் பிளேன்ரீ, அவளுக்குப் பால், நீலக் கோப்பை வெறுமையாக. பக்கத்தில் இரண்டு பிஸ்கட். அவனுடைய பிஸ்கட்டையும் அவள்தான் தின்பாள், ஆனால் கொஞ்சம் பொறுத்து, அவன் தின்று முடித்த பிறகு.

போன மாதம் ஒரு நாள் இரண்டு பிஸ்கட்டையும் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி ஒரே கடி. "ஓரானுக்கு?" என்று கேட்டுவிட்டேன். கொப்பியில் இருந்து தலை நிமிரவில்லை. "அது சும்மா விளையாட்டுத்தானே அம்மா. அவன் இனி வரமாட்டான்." சொல்லிவிட்டு, விட்ட இடத்தில் இருந்து பெருக்கலைத் தொடர்ந்தாள்.

நான் குசினிக்குள் போய் அழுதேன். சிரிக்க வேண்டாம். ஐந்து வருடம் அந்தப் பிஸ்கட்டை வைத்த கை என்னுடையது.

அடுத்த வருடம் ஐந்தாம் ஆண்டு ஸ்கொலசிப் பரீட்சை. தை மாதத்தில் இருந்து ரியூசனுக்கு விடுகிறோம். அதனால்தான் போனானா? பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறாள், சாப்பிடுகிறாள், விளையாடுகிறாள். எனக்குத்தான் ஏதும் பிழையா? உங்களுக்கும் இப்படி யாரும் இருந்தார்களா? எப்போது போனார்கள்?

———

புளியந்தீவான் · செவ்வாய், இரவு 10.05

மட்டக்களப்புக்குப் போனால் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று ஏற்கெனவே ஊருக்குப் பெயர். இப்போது இல்லாத பொடியனையே ஒட்ட வைத்திருக்கிறோம். பகிடிக்குச் சொன்னேன், குறை நினைக்க வேண்டாம் அக்கா.

எனக்கும் ஒருவன் இருந்தான். பெயர் "மற்றவன்". வீட்டில் உடைந்த சாமான் எல்லாம் மற்றவன் உடைத்தது. ஒரு நாள் அம்மா எனக்கு இரண்டு, மற்றவனுக்கு இரண்டு என்று நாலு அடி போட்டார். நாலும் என் காலில்தான் விழுந்தது. அன்றோடு அவனைக் காணவில்லை.

———

நேர்கோடு · புதன், காலை 6.12

நான் ஐந்தாம் ஆண்டு படிப்பிக்கிறவன். எது நடந்தாலும் ஸ்கொலசிப்பின் தலையில் கட்டுவது இப்போது பழக்கமாகிவிட்டது. பிள்ளை மெலிந்தால் ஸ்கொலசிப், கொழுத்தாலும் ஸ்கொலசிப். அந்தப் பரீட்சையைப் பற்றி எனக்கும் ஆயிரம் குறை உண்டு, வெட்டுப்புள்ளி வருகிற நாளில் பெற்றோர் படுகிற பாட்டையும் பிள்ளைகளைப் படுத்துகிற பாட்டையும் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். ஆனால் உங்கள் மகளுக்கு விளையாட்டு எது, நிசம் எது என்று பிரிக்கத் தெரிகிறது. அதற்குச் சந்தோசப்பட வேண்டும்.

இன்னொன்று. இதெல்லாம் இந்தக் காலத்துக் கவலை. நாங்கள் யுத்தத்துக்குள் வளர்ந்தபோது இரவில் செல் அடி, விடிந்தால் ஆமி ரவுண்டப். அம்மா கூப்பன் அரிசிக்கு வரிசையில் நிற்பார், நான் தங்கச்சியைத் தூக்கி வைத்திருப்பேன். கற்பனைக் கூட்டாளி வைத்துக்கொள்ள எங்களுக்கு நேரம் இருக்கவில்லை.

———

படுவான்கரை · புதன், பகல் 1.30

நேர்கோடு சேர், மரியாதையோடு மறுக்கிறேன். நேரம் இருந்தது. எங்களுக்கு வேறு என்ன இருந்தது?

நான் கொக்கட்டிச்சோலைப் பக்கம். தான்தோன்றீஸ்வரர் கோயில் கல் நந்தி கதை எல்லோருக்கும் தெரியும்: பறங்கியர் கோயிலை இடிக்க வந்தபோது எழும்பிப் புல்லுத் தின்று சாணமும் போட்டதாம். பெத்தா அதை வாரத்துக்கு ஒருக்கால் சொல்லுவா. ஒவ்வொரு முறையும் சாணத்தின் அளவு கூடும்.

அந்த நந்திக்கு ஒரு கன்று உண்டு என்பது எனக்கு மட்டும் தெரிந்த விசயம். கறுப்பு, நெற்றியில் மாத்திரம் வெள்ளை. கல்லுக் கன்றுதான், ஆனால் என்னோடு வரும்போது மட்டும் நடக்கும். வயலுக்கு வரும், பள்ளிக்கூட வேலி வரைக்கும் வரும், உள்ளே வராது. பிரம்புக்குப் பயம். காற்சட்டைப் பையில் எந்த நேரமும் அதற்குப் புல் வைத்திருப்பேன். துவைக்கும்போது அம்மா ஏசுவா. பசி இருந்த நாட்களில் கன்று கூடக் கதைக்கும். வீட்டில் ஒன்றும் இல்லாத ஒரு நாள், புல் நல்ல ருசி, ஒரு பிடி தின்று பார் என்றது. தின்று பார்த்தேன். ருசி இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் விடியப்புறம் ஊரே கிளம்பியது. எனக்கு எட்டு வயது. மண்முனைத் துறையில் பாதைக்காக நின்றோம். வெளியூராருக்குச் சொல்கிறேன், இங்கே பாதை என்றால் ரோட்டு இல்லை. ஆள், சைக்கிள், மாடு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவைக்குத்தான் அந்தப் பெயர். பாலம் 2014இல்தானே வந்தது. பெத்தாவின் கக்கத்தில் ஒரு கோழி, அம்மாவின் தலையில் பானை, என் கையில் தம்பி. சனம் முண்டியடித்து ஏறுகிறது. கன்று துறையில் நின்றுவிட்டது. வா என்று நான் கூப்பிடவில்லை. ஏற்கெனவே பாரம் கூடிப் பாதை ஒரு பக்கம் தாழ்ந்து நின்றதை நான் பார்த்துவிட்டேன். அது கல்லுக் கன்று அல்லவா.

நடு வாவியில் பையில் இருந்த புல்லை எடுத்துத் தண்ணீரில் போட்டேன். பெத்தா கண்டுவிட்டு, "என்ன மனே போடுறாய்?" என்றா. ஒண்டுமில்ல என்றேன்.

பிறகு திரும்பி வந்து அதே வளவில்தான் இருக்கிறோம். கோயிலுக்குப் போகிறேன். நந்தி இருக்கிறது.

———

நேர்கோடு · புதன், பகல் 2.02

பாதைக் கதைக்கு நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஸ்கொலசிப் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கவும் மாட்டேன்.

———

உளவளத்துணை · புதன், இரவு 8.20

அம்பாறைக் கரையோரத்தில் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். என்னிடம் வந்தவர்களின் கதையை இங்கே சொல்ல மாட்டேன், பொதுவில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வாவிக்கரை அக்கா, உங்கள் வீட்டில் நடந்தது மிகச் சாதாரணம். அமெரிக்காவில் ஒரிகன் பல்கலைக்கழகத்து மார்ஜரி டெய்லர் தன் ஆயுளின் பெரும்பகுதியை இந்தக் கூட்டாளிகளுக்கே செலவழித்தவர். அவரும் சக ஆய்வாளர்களும் பாலர் வயதில் பார்த்த பிள்ளைகளில் 100 பேரை மூன்று வருடம் கழித்துத் திரும்பவும் பார்த்து, 2004இல் ஆய்வை வெளியிட்டார்கள். ஏழு வயதுக்குள் 65 சதவீதமான பிள்ளைகளுக்கு எப்போதாவது ஒரு கற்பனைக் கூட்டாளி இருந்திருக்கிறது. ஆறு, ஏழு வயதிலும் 31 சதவீதமானோருக்கு அப்போதும் இருந்தது. பள்ளிக்கூடம் தொடங்கினால் தானாகப் போய்விடும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது பிழை. பொம்மைக்குப் பெயர் வைத்து உயிர் கொடுத்துக் கதைப்பதும் அந்தக் கணக்கில் அடக்கம்.

கூப்பிட்டால் வராத, கோபித்துக்கொண்டு போகிற கூட்டாளிகளும் அந்த ஆய்வுகளில் நிறைய உண்டு. ஓரான் தனி ஆள் இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. கூட்டாளிக்கு எத்தனை வயது, என்ன நிறம் என்று ஆய்வாளர் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருப்பார். அந்த மும்முரத்தைப் பார்த்த பிள்ளைக்கு இவர் நம்பிவிட்டாரோ என்று பயம் வந்துவிடும். "இது சும்மாதான், தெரியும்தானே?" என்று பிள்ளையே அவருக்கு எடுத்துச் சொல்லுமாம். பிள்ளைகளுக்குத் தொடக்கத்தில் இருந்தே தெரியும்.

எங்கே போகிறார்கள் என்று கேட்டால், வைகோட்ஸ்கி என்ற ரஷ்ய உளவியலாளர் சொன்னது உதவும். அவர் கற்பனைக் கூட்டாளியைப் பற்றிச் சொல்லவில்லை, பிள்ளைகள் தங்களோடு தாங்களே உரத்துப் பேசிக்கொள்வதைப் பற்றிச் சொன்னார். "இப்ப இதை இங்க வைக்கணும், மறுகா அதை எடுக்கணும்" என்று முணுமுணுப்பார்களே, அது. அந்தப் பேச்சு பள்ளிக்கூட வயதில் மெல்ல மெல்ல உள்ளே இறங்கி, நாங்கள் எல்லோரும் வாய் திறக்காமல் மனதுக்குள் பேசுகிற பேச்சாகிறது என்பது அவருடைய கருத்து. ஓரானோடு கதைத்த கதையும் அந்த வழியால் இறங்கியிருக்கலாம் என்பது என் சொந்த நினைப்பு, ஆய்வு முடிவு இல்லை.

பெரிய பிள்ளைகளிலும் இது மிச்சம் இருக்கிறது. டயரிக்கே ஒரு பெயர் வைத்து, அன்புள்ள இன்னார் என்று தொடங்கி எழுதுகிற பொம்பிளைப் பிள்ளைகள் எத்தனை பேர்? ஜெர்மனியில் பதின்ம வயதுப் பிள்ளைகளின் டயரிகளை வைத்து 1997இல் ஒரு ஆய்வு வந்தது. அப்படி எழுதியவர்கள் கூட்டாளி கிடைக்காமல் தனித்துப் போன பிள்ளைகள் என்று அதில் காணவில்லை.

கவலைப்பட வேண்டியது எப்போது என்றால், அந்தக் குரல் பிள்ளையைத் தன்னையோ மற்றவர்களையோ காயப்படுத்தச் சொன்னால், பிள்ளைக்கு அதில் பயம் இருந்து நிறுத்த முடியவில்லை என்றால், உண்மையான பிள்ளைகளோடு சேராமலே விட்டால். உங்கள் மகளிடம் இதில் ஒன்றும் இல்லை. அவனைத் திரும்பக் கூப்பிடச் சொல்லிக் கேட்காதீர்கள், அவனை வைத்துப் பகிடியும் பண்ணாதீர்கள். பிஸ்கட்டை வைக்க ஆசையாக இருந்தால் வையுங்கள், இரண்டையும் அவளே தின்னட்டும்.

———

மருதமுனை ராத்தா · வியாழன், காலை 10.45

உளவளத்துணை மகள், எல்லாம் சரி. ஆனால் ஒரிகனில் லெப்பை இல்லையே.

எங்கள் வீட்டில் குழித்தறி இருந்தது. வாப்பா குழிக்குள் கால் விட்டு மிதியை மிதித்து சாரம் நெய்வார். டொக், டொக் என்று பகல் முழுக்கச் சத்தம். அந்தக் குழிக்குள் டொக்கு இருந்தாள். என் வயதுதான், நூல் கழிவில் சட்டை. வாப்பா மிதிக்கும்போது விலகிக்கொள்வாள், நூல் அறுந்தால் அது அவள் கையைப் பிடித்துக்கொண்டதால். வாப்பாவுக்கு நான் சொல்லியிருந்தேன். "டொக்குவ கைய எடுக்கச் சொல்லு புள்ள" என்று அவரும் சொல்வார்.

ஒரு நாள் வந்த விருந்தாளிகளுக்கு முன்னால் குழிக்குள் குனிந்து அவளைச் சாப்பிடக் கூப்பிட்டேன். அவ்வளவுதான். மூத்தம்மா நெஞ்சில் கை வைத்துவிட்டா. புள்ளைக்கு ஜின் பிடித்துவிட்டது. அசருக்குப் பிறகு லெப்பை வந்தார், ஓதினார், தண்ணீர் ஊதித் தந்தார், கறுப்பு நூல் கட்டினார். நல்ல மனுசன், சிரித்துக்கொண்டே ஓதினார், போகும்போது கன்னத்தில் தட்டிவிட்டுப் போனார். எனக்கு அவரிடம் பயம் இல்லை. மூத்தம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் பயந்தேன். என்னால் ஒருவருக்கு முகம் அப்படிப் போகும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அன்றில் இருந்து நான் வாய் திறக்கவில்லை. நூல் வேலை செய்துவிட்டது என்று வீட்டில் சந்தோசம். டொக்கு போகவில்லை, நான் ஒளித்து வைத்தேன். இன்னும் இரண்டு வருடமாவது இருந்திருப்பாள். எப்போது போனாள் என்று கேட்டால் தெரியாது. யாரும் எடுத்துவிடக் கூடாது என்று ஒரு சாமானைப் பத்திரமாக வைப்போம், பிறகு வைத்த இடம் மறந்து போகும். அப்படித்தான்.

சுனாமியில் தறி போய்விட்டது. வீட்டில் சுவர் மிச்சம், குழி முழுக்கக் கடல் மண். எனக்கு அப்போது இருபது வயது, கலியாணம் பேசி முடித்திருந்தது. வேறு எத்தனையோ வேலை கிடக்க அந்தக் குழியைத்தான் முதலில் தோண்ட வேண்டும் என்று நின்றேன். வாப்பா ஏன் என்று கேட்கவில்லை, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். பாதி தோண்டியதும் உப்புத் தண்ணீர் ஊறி வந்தது, விட்டுவிட்டோம்.

———

உளவளத்துணை · வியாழன், பகல் 12.10

ராத்தா, நீங்கள் சொல்வது சரி. தானாக மறைவதும், மறைக்கப் பழகுவதும் வெளியில் இருந்து பார்த்தால் ஒரே மாதிரித் தெரியும். கேட்டால் பிள்ளை "போயிட்டாள்" என்றுதான் சொல்லும். நான் எழுதியதில் இது விடுபட்டுப் போனது.

———

களுவாஞ்சிக்குடிக்காரி · வியாழன், இரவு 9.15

பெயர் போடாத தைரியத்தில் எழுதுகிறேன்.

என் ஆளும் பொடியன்தான், பெயர் சொல்ல மாட்டேன். பன்னிரண்டு வயது வரைக்கும் இருந்தான், கொஞ்சம் பிந்திய கேஸ். நான் பெரியபிள்ளையான அன்று மூலையில் இருத்தினார்கள். பச்சை முட்டை, நல்லெண்ணெய், உழுத்தம்மாக் களி. ஆம்பிளை முகம் பார்க்கக் கூடாது, அண்ணாவே கதவுக்கு அங்கால் நின்றுதான் கதைத்தான். தனியே எழும்பிப் போனால் பேய் அண்டும் என்று பெத்தா கையில் பாக்குவெட்டியைத் தந்தா. இரும்பு இருந்தால் கிட்ட வராதாம்.

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. இவன் பேய் இல்லை. ஆனால் ஆம்பிளை. உள்ளே வரலாமா, கூடாதா? யாரிடம் கேட்பது? பெத்தாவிடம் கேட்டால் வேறு வினை. கடைசியில் நானே தீர்ப்புச் சொன்னேன்: சடங்கு முடியும் வரைக்கும் வெளியே நில், தண்ணீர் வார்த்த பிறகு வா. வாசலுக்கு வெளியே நிற்கிறான் என்றே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். இரவில் மழை பெய்தது, பாவமாக இருந்தது. பாக்குவெட்டியைத் தலைமாட்டில் தள்ளி வைத்தேன், அவனுக்குப் பயமாக இருக்கும் என்று.

தண்ணீர் வார்த்து, சீலை உடுத்தி, ஆராத்தி எடுத்து, படம் பிடித்து, பந்தி முடிந்தது. கூப்பிட மறந்துவிட்டேன். இரண்டு கிழமை கழித்துத்தான் நினைவு வந்தது. அப்போது கூப்பிட வெட்கமாக இருந்தது.

———

புளியந்தீவான் · வியாழன், இரவு 9.31

அவன் இன்னும் அந்த வாசலில்தான் நிற்கிறானோ தெரியாது. யாராவது போய்ச் சொல்லுங்கள், சடங்கு முடிந்துவிட்டது.

———

களுவாஞ்சிக்குடிக்காரி · வியாழன், இரவு 9.34

சிரித்து முடித்துவிட்டு அழுகிறேன், போங்க தம்பி.

———

ரொறன்ரோவில் ஒருவன் · வெள்ளி, காலை 7.50

இங்கே பனி. இந்த இழையை இரவு முழுக்க வாசித்தேன்.

எனக்கு வீட்டுக்குப் பின்னால் நின்ற விளாமரத்தில் ஒரு கிழவர் இருந்தார். பிள்ளை இல்லை, கிழவர். சுருட்டுக் குடிப்பார், கணக்கில் கெட்டிக்காரர். 1978 நவம்பர் 23 சூறாவளியில் அந்த மரமும் போனது, முற்றத்துத் தென்னைகளும் போயின. விடிந்து கதவைத் திறந்தால் வளவுக்குள் ஒரே வெளிச்சம், வானம் அவ்வளவு பெரிது என்று அன்றுதான் கண்டேன். கிழவர் வேறு மரம் தேடிப் போய்விட்டார் என்று நினைத்தேன், ஆனால் நின்ற மரம் என்று ஊரில் ஒன்றும் இல்லை.

கணக்கில் நான் அதற்குப் பிறகு மோசம்.

———

நேர்கோடு · வெள்ளி, பகல் 2.40

எல்லோரும் என்னைக் கல்நெஞ்சன் என்று முடிவு கட்டியாயிற்று. போகட்டும். வகுப்பில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முந்தி ஒரு பொடியன். கெட்டிக்காரன், ஆனால் பயிற்சி வினாத்தாள் கொடுத்தால் பாதியில் நின்றுவிடுவான். கண் மேசைக்குக் கீழே போகும். ஒரு நாள் கையும் களவுமாகப் பிடித்தேன். நெருப்புப் பெட்டிக்குள் பஞ்சு மெத்தை, அதில் ஒரு அழிறப்பர், பேனையால் கண், வாய். கண் மூடியிருந்தது. என்னடா இது என்றேன். "நித்திரை சேர், சத்தம் போடாதீங்க" என்றான். வகுப்பே சிரித்தது. வாங்கி என் லாச்சியில் போட்டேன், தவணை முடிவில் தருகிறேன் என்று.

பரீட்சை எழுதினான். வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்தான். அதாவது அழிறப்பரைப் பிடுங்கியது சரிதான் என்று நீங்கள் சொல்லலாம், பிழை என்றும் சொல்லலாம், நான் இரண்டும் சொல்லவில்லை. வருடக் கடைசியில் லாச்சி துப்புரவாக்கும்போது பெட்டி அகப்பட்டது. கூப்பிட்டுக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "இது ஆர்ட சேர்?" என்றான். நடிக்கவில்லை. எனக்கு முப்பது வருட அனுபவம், நடிப்புத் தெரியும்.

குப்பையில் போட்டேன். வேறு என்ன செய்ய?

———

படுவான்கரை · வெள்ளி, பகல் 3.15

பஞ்சையும் சேர்த்தா சேர்?

———

நேர்கோடு · வெள்ளி, பகல் 3.20

பெட்டியோடுதான்.

———

ஏறாவூர்ப் பொடியன் · சனி, காலை 11.00

பொடியன் என்று பெயர், வயது முப்பத்தெட்டு.

மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இங்கே யாருக்கும் ஞாபகம் இருக்கிறதா? கனடாக்காரக் கலைஞர் ஒருவரும் இங்கிருந்த இயேசு சபைப் பாதிரியார் ஒருவரும் சேர்ந்து தொடங்கியது. யுத்தத்தில் அகப்பட்ட தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் கூட்டி வந்து ஒன்றாக விளையாட விடுவார்கள். களிமண், நிறம், பாட்டு, நாடகம், கதை. நான் ஒரு பருவம் போனேன்.

இந்த இழைக்கு அது ஏன் என்றால், எனக்கு அதற்கு முந்தி கூட்டாளி ஒருவரும் இருக்கவில்லை, உண்மையிலும் இல்லை, கற்பனையிலும் இல்லை. நேர்கோடு சேர் சொன்ன ஆள் நான்தான், என்னிடம் உண்மையிலேயே நேரம் இருக்கவில்லை. கதைக்கவே மாட்டேனாம், உம்மா சொல்லுவா. அங்கே களிமண்ணில் ஒரு ஆமை செய்தேன், ஓட்டுக்குள் தலையை இழுத்த ஆமை. எங்களைப் பார்த்துக்கொண்ட அண்ணா, ஏன் தலை இல்லை என்று கேட்கவில்லை. "இவர் எப்ப வெளிய வருவார்?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை என்றேன். அந்த வருடத்தில் நான் முதல்முறையாகச் சொன்ன பொய் அது. ஆமையை வீட்டுக்குக் கொண்டு வந்தேன், பத்து வயதில் எனக்குக் கூட்டாளி கிடைத்தது. மற்றவர்களுக்கு முடிகிற வயதில் எனக்குத் தொடங்கியது. காய்ந்து வெடித்து, கால் உடைந்து, ஓடு மட்டும் மிச்சமாகி, பதினைந்து வயது வரைக்கும் ஜன்னலில் இருந்தது.

———

உளவளத்துணை · சனி, பகல் 1.45

ஏறாவூர்த் தம்பி, வெள்ளிக்கிழமை வந்தாரா?

———

ஏறாவூர்ப் பொடியன் · சனி, பகல் 1.52

ஜும்ஆவுக்குப் பிறகு கொஞ்சம்.

———

வாவிக்கரை · அடுத்த செவ்வாய், இரவு 9.20

எல்லாவற்றையும் வாசித்தேன். இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. ராத்தாவின் தறிக்குழியை இவருக்கும் வாசித்துக் காட்டினேன். வழக்கமாகச் சிரிக்கிறவர் சிரிக்கவில்லை.

ராத்தா எழுதியதுதான் என்னைக் குடைந்தது. மகள் எனக்குப் பயந்து ஒளித்தாளா? யோசித்துப் பார்த்தேன். இரண்டாம் ஆண்டில் ஒரு நாள் ஆட்கள் வந்திருந்தபோது, "ஓரானை உள்ளே வை" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது ஞாபகம் வந்தது. பகிடிதான். எனக்குப் பகிடி.

நேற்று டவுனுக்குப் போய்விட்டு நான் தனியே ஸ்கூட்டியில் வந்தேன். பாலம் ஏறியதும் என் கை தானாக வேகத்தைக் குறைத்துவிட்டது. பின்னால் வந்த ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்து, பக்கத்தில் வந்து ஏசிவிட்டுப் போனார். அவருக்கு என்ன சொல்ல? ஆள் ஏறட்டும் என்று குறைத்தேன் என்றா?

வீட்டுக்கு வந்து, கேட்கக் கூடாது என்று உளவளத்துணை ரீச்சர் சொன்னதை மறந்து, கேட்டுவிட்டேன். கூப்பிடச் சொல்லிக் கேட்கவில்லை. "ஓரான் இப்ப என்ன செய்வான் கிளி?" என்று மட்டும். பென்சில் சீவிக்கொண்டு இருந்தவள் நிறுத்திவிட்டு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "அவனுக்கும் அடுத்த வருசம் ஸ்கொலசிப்தானே அம்மா. அவன் வேற ஸ்கூல். நல்லாப் படிக்கிறானாம்" என்றாள். ஆய்வாளர் முகத்தைப் பார்த்துச் சொல்கிற பிள்ளைகளைப் பற்றி எழுதியிருந்தீர்களே ரீச்சர், அது அப்போது ஞாபகம் வந்தது.

நீலக் கோப்பை அவளுடைய மேசையில்தான் இருக்கிறது. பென்சில் சீவலை அதற்குள்ளேதான் கொட்டுகிறாள், பாதிக்கு மேல் நிரம்பியிருக்கிறது. கழுவித் தரவா என்று கேட்டேன்.

"வேணாம், நிறையட்டும்" என்றாள்.